கொண்டை ஊசி வளைவில் சாவி கேட்டவர்கள்

போடி ஜீப்பு ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பிகளே,

ஸ்டாண்டு ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி என் வீட்டுக்கு நடையாய் நடந்தீர்கள். மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டிய அனுபவத்தை எழுதுங்கண்ணே என்றீர்கள். மழையில் வளைவை எப்படி எடுப்பது, எந்த இடத்தில் கியரைக் குறைப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரியாதவர்களுக்குப் போடிமெட்டு ரோடே சொல்லிக் கொடுத்துவிடும். நான் எழுதப் போவது வண்டிக்குள் உட்கார்ந்து வருகிறவர்களைப் பற்றி.

போன வாரம் உங்களில் ஒருவருடைய ஜீப்பில் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு சீப்பு, ஒரு சார்ஜர், பாதி தின்ற கடலை மிட்டாய், மனைவிக்குத் தெரியாத ஒரு சிகரெட் பாக்கெட். காயத்துக்குக் கட்ட ஒரு முழம் துணி கிடையாது. ஆனால் பெட்டிக்கு வெளியே சிவப்புச் சிலுவை பளபளவென்று இருந்தது. போன மாசம்தான் பெயின்ட் அடிச்சேண்ணே என்றார். அடித்தவரைப் பாராட்டிவிட்டு வந்தேன்.

உடம்புக்கு முடியாதவர்களை நம் ஜீப்பில் எப்படிக் கூட்டிப் போகிறோம் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. வாந்தி எடுப்பவருக்கு ஓர சீட்டும் ஒரு எலுமிச்சம்பழமும். சக்கர நாற்காலியில் வருகிறவர் என்றால் ஆள் உள்ளே, நாற்காலி மேலே கேரியரில் பலாப்பழத்தோடு. கண் தெரியாதவர் ஏறினால் காதும் கேட்காது என்று நாமே முடிவு செய்துகொண்டு கத்திப் பேசுவோம். அவர் எங்கே இறங்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்போம். எல்லோருக்கும் வழி நெடுக இலவச ஆலோசனை உண்டு. உங்களுக்கு என்ன வேணும் என்று அவர்களையே கேட்கிற வழக்கம்தான் நம் ரூட்டில் இன்னும் வரவில்லை.

வலிப்பு வந்தால் மட்டும் நமக்கு வைத்தியம் தெரியும். கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும். ஜீப்பில் இரும்பு என்றால் சாவி. நம் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் இருந்தார், பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் இந்த மலரைப் படிப்பார்கள். அவர் வண்டியில் ஒரு எஸ்டேட் ஆளுக்கு வலிப்பு வந்தது. நடு மலையில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கழற்றி, அந்த ஆளின் கையில் திணித்தார். வெட்டி இழுக்கிற கை சாவியைப் பத்திரமாகவா வைத்திருக்கும்? ஒரே வீச்சில் சாவி பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, "என்னண்ணே, வண்டி ஏன் நிக்குது?" என்று கேட்டாராம். போடியிலிருந்து மாற்றுச் சாவி பஸ்சில் ஏறி வரும் வரை அத்தனை பேரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். வலிப்பு வந்தவரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். சாவியைத் திணித்தவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். கார்த்திகா என்ற பெண் வந்து கேட்கும் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ராசிங்காபுரத்துப் பெண். தோட்டம் துரவு உள்ள வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனியாக ஸ்டாண்டுக்கு வந்தாள். மெட்டைத் தாண்டி, கேரளாவில் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது, மறுநாள் காலையில் போய்ச் சேர வேண்டும், தினமும் போய் வர ஒரு வண்டி வேண்டும் என்றாள். அதற்குமேல் அவள் கேட்ட கேள்வியை இந்த ஸ்டாண்டில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"அண்ணே, எனக்கு எப்பயாச்சும் வலிப்பு வரும். வந்தா என்ன செய்வீங்க?"

வரிசையில் முதலில் நின்ற டிரைவர், துணைக்கு ஆள் இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்றார். அடுத்தவர், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். மூன்றாமவர் வண்டி புதுசு என்றார். புது வண்டிக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கவலப்படாத ஆத்தா. சாவியக் கழட்டிக் கையில குடுத்துருவேன்" என்றேன்.

"அதத்தான் வேணாம்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

பிறகு நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓர சீட்டு வேண்டாம். வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்தால் போதும். கையில் எதையும் கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு விட வேண்டும். தாண்டாமல் நின்று அவளுக்கும் நினைவு தெளிந்துவிட்டால், வண்டி மேலேதான் போக வேண்டும்.

"அப்புறம் இன்னொண்ணு. ஆபீசுல இப்ப யாருக்கும் தெரிய வேணாம். ஒரு மாசம் என் வேலையப் பாக்கட்டும். நானே சொல்லிக்கிறேன்."

இதற்கு முன்னால் தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்திருக்கிறாள். கடைக்குள் ஒருநாள் வலிப்பு வந்தது. முதலாளி ரொம்ப நல்ல மனுஷர். தலையைத் தடவி, சோடா வாங்கிக் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கம்மா என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதோடு சரி, திரும்பக் கூப்பிடவே இல்லை. இந்த வேலையும் போனால் வீட்டை விட்டு வெளியே விட மாட்டார்கள் என்றாள். அப்பா அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை முன் சீட்டில் எனக்கும் ஒச்சம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். சிலமலை ஒச்சம்மாவை உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். அதே எஸ்டேட்டில் பெண்களை வைத்து வேலை வாங்குகிறவர். அந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லை. அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் அது பூப்பாறைக்குப் போக ஜீப்பு தேவையில்லை. அவர் பக்கத்தில் இந்தப் பெண் உட்கார்ந்ததும் ரகசியம் ஒரு மாசம் தாங்காது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. பின்னால் எஸ்டேட் பெண்கள், ஏலக்காய் வியாபாரி பாய் ஒருவர், செல்போனிலிருந்து தலை தூக்காத ஒரு பையன். நம் வழக்கப்படி கம்பியில் இரண்டு பேர் தொங்கல்.

முதல் நாள் வேலை என்று ராத்திரி தூங்கவே இல்லையாம். பாதி மலை ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவைத் திருப்பி முடிக்கும்போது அவளுடைய முழங்கை என் விலாவில் இடித்தது. திரும்பிப் பார்த்தேன். கண் ஒரு பக்கமாகப் போய் நின்றிருந்தது, கை விறைத்திருந்தது. வண்டியை ஓரமாக அகலமான இடத்தில் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, "கல்லு வைங்கப்பா!" என்று கத்தினேன். தொங்கலில் வந்தவர்கள் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். ஒச்சம்மாவும் நானும் அவளை இறக்கி, படுதாவை விரித்து, ஒருக்களித்துப் போட்டோம். என் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தேன். அதற்குள் உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

"சாவி! சாவியக் கொண்டா!"

முதல் குரல் ஒச்சம்மாவுடையது. அடுத்த நொடி வண்டியே சாவி கேட்டது. ஸ்டியரிங் பக்கம் இரண்டு மூன்று பேர் பாய்ந்தார்கள். எனக்கு அந்தப் பழைய டிரைவர் நினைவு வந்ததா, இந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்ததா தெரியாது. அவர்களை முந்திப் போய்ச் சாவியைக் கழற்றினேன், கைலியைத் தூக்கினேன், அண்ட்ராயர் பைக்குள் போட்டு இறக்கிவிட்டேன். அங்கே கை விட எவருக்கும் துணிச்சல் வராது என்று தெரியும்.

"குடுக்க மாட்டேன். இந்தப் புள்ள வேணாம்னு சொல்லியிருக்கு."

"நோவுல கெடக்குற புள்ளைக்கு என்னய்யா தெரியும்? நீ மனுசனா?" என்றார் ஒச்சம்மா. பின்னாலிருந்து பாவி, கொலைகாரன் எல்லாம் வந்தது. தம்பிகளே, வைத்தியம் செய்யாமல் நிற்பதுதான் இருக்கிற வைத்தியத்திலேயே கஷ்டமானது. ஏதாவது செய்துகொண்டே இருந்தால், ஆள் செத்தாலும் நல்ல பெயர் கிடைக்கும். சும்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவனை ஊரே அடிக்க வரும்.

சாவி இல்லை என்றதும் மற்ற இரும்புகள் வெளியே வர ஆரம்பித்தன. ஜாக்கிக் கம்பியை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். ஒச்சம்மா தன் பைக்குள்ளிருந்து களைவெட்டும் கத்தியை எடுத்தார். வெட்டி இழுக்கிற கையில் கத்தி! நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அப்போது பாய் நிதானமாக, "கத்தி வேணாம் ஆத்தா, காயம் பட்டுரும். கரண்டி இருக்கு" என்று டிபன் கேரியரிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். நியாயமான யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு பெண் சந்தேகத்தைக் கிளப்பினாள்.

"அது எவர்சில்வருல்ல? எவர்சில்வரு இரும்பா?"

அந்த இடத்தில் நின்று பார்த்திருந்தால்தான் உங்களுக்குப் புரியும். கீழே ஒரு பெண்ணுடைய உயிர் துடிக்கிறது. மேலே எவர்சில்வர் இரும்பா இல்லையா என்று பட்டிமன்றம். இரும்புன்னா துருப்பிடிக்கணும் என்றது ஒரு கட்சி. இரும்புக் கடையிலதானே விக்கிறான் என்றது இன்னொரு கட்சி. இறங்கி வந்த ஒரு கேரளா ஜீப்பு பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "தாக்கோல் கையில் கொடுக்கு சேட்டா!" என்றார். தாக்கோல் என்றால் அவர்கள் பாஷையில் சாவி. ரெண்டு ஸ்டேட்டும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பாய்க்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. அவருடைய செல்போன் உறையில் காந்தம் உண்டு. கரண்டியை உறையில் வைத்துப் பார்த்தார். ஒட்டியது போலவும் இருந்தது, ஒட்டாதது போலவும் இருந்தது. மறுபடி வைத்துப் பார்த்தார்.

என் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மூணு நிமிஷம் ஆகிவிட்டது. பயமில்லாமல் நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அஞ்சைத் தாண்டிவிட்டால் வண்டியைத் திருப்பிக் கீழே பறக்க வேண்டும், அதற்குள் இந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால் சாவி கொடுக்காத பாவி என்று நான் சாகும் வரைக்கும் சொல்வார்கள். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பையன் செல்போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பதைப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஒச்சம்மா பாய்ந்து போய் அவன் கையில் ஒரு அடி கொடுத்தார். போன் படுதாவில் விழுந்தது.

"பொம்பளப் புள்ள விழுந்து கெடக்கு, படமா பிடிக்கிற? அழிடா அத!"

அழித்ததைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். பிறகு சேலைக்கு மேலே மாட்டியிருந்த வேலைச் சட்டையைக் கழற்றி, அவளுடைய உடை விலகாமல் கால்மாட்டில் போட்டு மூடினார்.

நாலாவது நிமிஷத்தில் பாய் தீர்ப்பு சொன்னார். "ஒட்டுது. இரும்புதான்." கரண்டியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவர் குனியவும் உடம்பு தளரவும் சரியாக இருந்தது. கரண்டி அவள் கையைத் தொடக்கூட இல்லை. அவ்வளவுதான், "கரண்டியக் கண்டதும் நின்னுருச்சு!" என்று கூட்டம் ஆச்சரியப்பட்டது. இன்றைக்கும் போடியில் பாய் கடையில் ஏலக்காய் வாங்கப் போகிறவர்கள் அந்தக் கரண்டியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். அவரும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்.

அடுத்தது திரும்பிப் போகிற கட்சி. பெண்ணை வீட்டில் சேர்த்துவிட்டு வருவோம் என்று எல்லோருக்கும் ஒரே கருணை. எந்த ஊர், யார் வீடு என்று விசாரணை தொடங்கியது. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிய அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. தண்ணீரைத் தானே வாங்கிக் குடித்தாள்.

"மேலயா கீழயா ஆத்தா?" என்று கேட்டேன்.

"மேல" என்றாள்.

கைலிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வண்டி மேலே ஏறியது.

சிக்னல் கிடைக்கிற வளைவு வந்ததும் பின்னால் எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள். பின்னால் இருப்பவர்கள் வாயை எதைக் கொண்டு அடைப்பது? இத்தனை பாடுபட்டும் கடைசியில் இந்தப் போன்களால்தான் அவள் வேலை போகப் போகிறது என்று எனக்குக் கசந்து வந்தது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

போடிமெட்டில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே! நீங்க ஓடிப் போயிட்டதா சொன்னாங்க?" எங்களை முந்திக்கொண்டு சேதி மெட்டுக்கு வந்திருந்தது. வந்த வழியில் நன்றாகச் சதையும் போட்டிருந்தது. ஜீப்பு பள்ளத்தில் உருண்டுவிட்டது, ஒரு பெண் செத்துவிட்டாள், டிரைவர் சாவியோடு தலைமறைவு. டிரைவர் டீ குடித்தார். செத்துப்போன பெண் எழுந்து முகம் கழுவி, தலையைச் சீவிக்கொண்டு, ஒரு வடை தின்றாள்.

எஸ்டேட் கேட்டில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். மலையாளத்துக்காரர், தமிழும் கலந்து பேசுவார். முகம் வெளுத்திருந்தது.

"எந்தா இது? வண்டியில ஒரு பெண்குட்டி மரிச்சுப் போயின்னு போன் வந்நல்லோ? ஆருக்கு என்னாச்சு?"

யாரும் இறங்கவில்லை. கார்த்திகா மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். நான் பேசினால் மேனேஜர் நம்ப மாட்டார், ஓடிப்போன டிரைவர் நான்தானே. அப்போது ஒச்சம்மா இறங்கினார். போச்சு என்று நினைத்தேன்.

"யாருங்கய்யா செத்தது? எல்லாரும் முழுசா வந்திருக்கோம், எண்ணிப் பாத்துக்கங்க. எனக்குத்தான் தல சுத்தி வாந்தி. ரோட்டோரம் செத்த நேரம் படுத்திருந்தேன். அதுக்குள்ள எவனோ பாடையே கட்டிட்டான்." பிறகு வண்டிக்குள் திரும்பி, எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். "என்னடி, நாஞ் சொல்றது சரிதானே?"

அவருக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் சரி என்றார்கள். "இது ஆரு?" என்று மேனேஜர் கார்த்திகாவைப் பார்த்தார். "புதுசா வந்திருக்க கம்ப்யூட்டர் புள்ள. நல்ல புள்ள. வெரசா உள்ள கூட்டிட்டுப் போங்க, பனி விழுது" என்றார் ஒச்சம்மா.

நம் ஆட்கள் சேதியை உள்ளபடி சொல்லியிருந்தால் அவள் வேலை அன்றே போயிருக்கும். உயிரோடு இருந்தவளைக் கொன்றதால் பிழைத்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது கார்த்திகா பின்னால் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். ஒச்சம்மா முன் சீட்டில் என் பக்கமாக நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சின்னக் குரலை நான் கேட்டதே இல்லை.

"அண்ணே, அந்தப் புள்ள என்ன மாத்திர திங்குது? எந்த டாக்டருகிட்டப் பாக்குது?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எம் மவ பவித்ராவுக்கும் இது உண்டு. இருவது வயசாச்சு. சின்னதுல இருந்து அவ தலமாட்டுல இரும்பப் போட்டு வச்சிருக்கேன். ஒரு நாளும் அதால நின்னதில்ல. தானாத்தான் நிக்கும்."

"தெரிஞ்சுதான் கத்திய எடுத்தியா?"

"வேற என்ன செய்யன்னு தெரியலையேண்ணே. பெத்த புள்ள துடிக்கையில சும்மா நின்னு பாக்க முடியுமா?" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். காலையில் என்னைக் கொலைகாரன் என்று சொன்னவர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்தில் போய்விட்டது. மகளுக்கு வலிப்பு வரும் என்று ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று பவித்ராவை வீட்டை விட்டே வெளியே விட்டதில்லை. ஊர் பேச்சையெல்லாம் சுமந்து திரிந்தவர் இந்த ஒரு பேச்சை மட்டும் இத்தனை காலம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

அந்தப் புள்ளகிட்டயே கேளு என்றேன்; மறு வாரமே கார்த்திகா தாயையும் மகளையும் தேனியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாதம் முடிந்ததும் சொன்னபடியே மேனேஜரிடம் தன் விஷயத்தைத் தானே சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்துவிட்டு, "அப்போ ஓபீசுக்கு ஒரு கரண்டி வாங்கணுமோ?" என்று கேட்டாராம். கரண்டியின் புகழ் அது வரைக்கும் போயிருந்தது. அவள் எனக்குச் சொன்னதையே அவருக்கும் பொறுமையாகச் சொன்னாள். இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

நான் வண்டி ஓட்டுவதை நிறுத்துவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒருநாள், ஒச்சம்மா ஒரு பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். பவித்ரா. முன் சீட்டில் நடுவில் உட்கார்ந்தாள். ஒச்சம்மாவின் பையில் அன்றைக்குக் கத்தி இல்லை, மெத்தென்று ஒரு தலையணை இருந்தது. வழி நெடுக ஒன்றும் ஆகவில்லை. போடிமெட்டில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கி ஓரத்துக்குப் போய்க் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். சிலமலையிலிருந்து பிறந்ததிலிருந்தே அண்ணாந்து பார்த்த மலை. அங்கிருந்து ஊரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அம்மா, நம்ம வீடு எது?"

ஒச்சம்மா கையை நீட்டி எதையோ காட்டினார். அந்தப் பனியில் யாருக்கும் எந்த வீடும் தெரியாது.

பின்னால் ஒரே கூச்சல். நேரமாச்சு, எஸ்டேட்டுல பேர் போட விட மாட்டாங்க, இன்னைக்குக் கூலி போயிரும், வண்டிய எடுங்கண்ணே. நான் சாவியைக் கழற்றி, கைலியைத் தூக்கி, அண்ட்ராயர் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"சாவியக் காணோம்ப்பா. தேடுறேன், செத்த இருங்க" என்றேன்.